கோகிலவாணியின் பின் டயர்

எங்கள் வேலங்காட்டுப்புதூரில் மூன்று வருடம் யாருக்கும் அசதி இருக்கவில்லை. ஊரின் அசதி மொத்தத்தையும் கோகிலவாணியின் சைக்கிள் பின் டயர் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நானோ பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரியில் டீ போடுகிறவன், ஒரு நாளைக்கு முந்நூறு முகம் பார்க்கிறவன், பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் ஊரில் மாஸ்டர் என்றால்தான் தெரியும். அந்தச் சைக்கிள் சாய்ந்து நின்றது என் கடை வாசல் வேப்பமரத்தில், அதனால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதூர் பனியன் ஊர். திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற பக்கம், ஒரு பெரிய கம்பெனி, அதைச் சுற்றித் தறிக்குடோன்கள், அவற்றைச் சுற்றி வீடுகள். இங்கே வேலை என்றால் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டரைக்கு எழுந்திருப்பது, ஷிப்மெண்ட் வாரமென்றால் எழுந்திருக்காமலே இருப்பது. ஓவர்லாக் தையல் அடிக்கிறவர்களுக்கு முதுகு, செக்கிங்கில் நிற்கிறவர்களுக்குக் குதிகால், அயர்ன் பண்ணுகிறவர்களுக்குத் தோள், எனக்கு முழங்கால் என்று ஆளுக்கொரு இடத்தில் அசதி குடியிருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

கோகிலவாணிக்கு முப்பத்தேழு வயது. கம்பெனியில் ஓவர்லாக் டைலர், தறி ஓட்டுகிற நாச்சிமுத்துவின் மனைவி, கோயமுத்தூரில் நர்சிங் படிக்கிற பெண்ணுக்குத் தாய். இதெல்லாம் ஆவதற்கு முன்னால், பத்தொன்பது வயதில், மாவட்டப் போட்டியில் இருபது கிலோமீட்டரை முப்பத்தைந்து நிமிடத்தில் ஓட்டியவள். கல்யாணத்தோடு சைக்கிள் போயிற்று. முப்பத்து நாலாவது வயதில், எதற்கு என்று கேட்ட யாருக்கும் பதில் சொல்லாமல், கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த பந்தய சைக்கிளை வாங்கி வந்து, தினமும் விடியற்காலை பத்து கிலோமீட்டர் போய்ப் பத்து கிலோமீட்டர் திரும்பி, என் கடையில் சர்க்கரை கம்மியாக ஒரு டீ குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சோறாக்கி வைத்து, அதே சைக்கிளில் வேலைக்கு வர ஆரம்பித்தாள். கம்பெனி ஸ்டாண்டில் தொப்பென்று விழுந்துவிடும் என்று அதை என் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுப் போவாள்.

அந்தச் சைக்கிளின் டயர் வேறு ஜாதி. நம் சைக்கிளில் டயர் தனி, ட்யூப் தனி. அதில் ட்யூபை உள்ளே வைத்து டயரைச் சுற்றித் தைத்தே மூடிவிடுவார்கள், பிறகு ரிம்மில் பசை தடவி ஒட்டுவார்கள். பஞ்சரானால் ஒட்டினதைப் பிய்த்து, தையலைப் பிரித்து, ஒட்டுப்போட்டு, திரும்பத் தைக்க வேண்டும். பந்தயக்காரர்கள் ட்யூபுலர் என்பார்கள். டைலர்கள் ஊரானதால் நாங்கள் தையல் டயர் என்றோம்.

ஒரு ஷிப்மெண்ட் வாரத்தில், செக்கிங் பாப்பாத்தியக்கா பதினாலு மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தவள், டீ ஆறுவதற்குள் சும்மா நிற்காமல் அந்தப் பின் டயரைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். நம் ஆட்களின் பழக்கம்தான் தெரியுமே. தன் சைக்கிளோ ஊரான் சைக்கிளோ, டயரைக் கண்டால் அழுத்திக் காற்று பார்க்காவிட்டால் கை அரிக்கும். அழுத்தினவள் நிமிர்ந்து நின்று, குதிகாலை ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டரு, டீ வேண்டாமுங்," என்றாள். "அசதியக் காணோமுங்."

அன்று வீட்டுக்குப் போய் இரண்டு பக்கெட் துணி துவைத்துப் போட்டாளாம். மறுநாளும் வந்து அழுத்தினாள். மூன்றாம் நாள் அவளோடு நாலு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் வரிசை நின்றது. ஏன், எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணி லாரி வந்தால் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்றா கேட்கிறோம், குடத்தைத்தானே எடுக்கிறோம். சிலர் வீட்டுச் சைக்கிளிலும் அழுத்திப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. சாதா டயரில் ரிம் ஓரமாக இடைவெளி இருக்கிறது, அசதி அந்த வழியே ஒழுகிவிடும், சுற்றித் தைத்து மூடினதில்தான் நிற்கும் என்று டைலர்கள் சொன்னார்கள், எல்லோருக்கும் அது புரிந்தது. கனம் தாங்குவது பின் சக்கரம் என்பதால் முன் டயர் எதையும் வாங்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் அதற்கு முறை வந்துவிட்டது. வலது கட்டைவிரல், ஆளுக்கு ஓர் அழுத்து. ஷிப்மெண்ட் வாரத்தில் இரண்டு. மாசமாக இருக்கிறவர்களுக்கு வரிசை கிடையாது, வெளியூர் லாரிக்காரர்கள் கடைசியில். டீ குடித்துவிட்டு அழுத்தினால் நன்றாக இறங்கும் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான். சத்து ஊசி போட்டுக்கொண்டிருந்த கிளினிக்காரர் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் வரிசையில் வந்து நின்றார். ஆத்தில் போகிற தண்ணி, அய்யா குடி அம்மா குடி என்று ஆகிவிட்டது. தன் பெண்டாட்டி சைக்கிள்தானே என்று நாச்சிமுத்து வீட்டில் வைத்து அழுத்தவில்லை, குறுக்குவழி என்று ஊர் பேசும் என்பது அவன் நியாயம். அவனும் தினம் சாயங்காலம் வரிசைக்கு வந்து நியாயமாக அழுத்தினான்.

கம்பெனி மேனேஜர் கிருபாகரன் இரண்டு மாதம் வேடிக்கை பார்த்தார். பிறகு ஒன்றரை ஷிப்டை இரண்டு ஷிப்ட் ஆக்கினார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான், ஆனால் வாய் திறந்து கேட்க ஆளில்லை. அசதி இல்லாதவன் எந்த வாயால் முடியாது என்பான்?

அசதி ஏற ஏற அந்த டயர் கல்லாக இறுகியது. பம்பை எடுக்கவே வேலையில்லாமல் போனதால், அதை அழுத்திப் பார்க்காத ஆள் ஊரில் அவள் ஒருத்தியாக ஆனாள். முதலில் அந்தச் சைக்கிளை அவள் இரண்டு விரலால் தூக்கி வாசல்படி ஏற்றுவாள். இரண்டாம் வருடம் இரண்டு கை வேண்டியிருந்தது, மூன்றாம் வருடம் நாச்சிமுத்து ஒரு பக்கம் பிடித்தான். இருபது கிலோமீட்டருக்கு முப்பத்தொன்பது நிமிடம் எடுத்தவள் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று போய், கடைசியில் நாற்பத்து மூணே முக்கால் நிமிடத்துக்கு வந்து நின்றாள். ஊர் கூடித் தேர் இழுக்கும் என்பார்கள், இங்கே ஊரை ஒருத்தி இழுத்தாள். வியர்வை சொட்டச் சொட்ட வந்து பெஞ்சில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் கேட்டேன். "ஏனுங் அம்மிணி, வேண்டாமுன்னு ஒரு வார்த்த சொல்லீறலாமல்ல?"

"வரிசைல நிக்கறவங்க மூஞ்சியப் பாத்துட்டு நீங்க சொல்லுங்ண்ணா," என்றாள். "பொறகு நானுஞ் சொல்றேன்."

நான் திரும்பி வரிசையைப் பார்த்தேன். அறுபது பேர் இருந்தார்கள். நான் பால் சட்டியைக் கிளறினேன், கூட்டம் குறைந்ததும் போய் என் பங்குக்கு அழுத்திவிட்டு வந்தேன்.

அந்த மூன்றாம் வருடம் ஆனி மாதம், முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு மாநில அளவில் சைக்கிள் பந்தயம் வைப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. போட்டியில் சேர இருபது கிலோமீட்டரை முப்பத்தெட்டு நிமிடத்துக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் சாலை மேடுபள்ளம் இல்லாதது என்பதால் நடுவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வந்து நேரம் எடுப்பதாக ஏற்பாடு. கோகிலவாணி பெயர் கொடுத்தாள். அந்தப் பிரிவில் எங்கள் பக்கத்திலிருந்து அவள் ஒருத்திதான்.

"செயிச்சு நான் என்ன பண்ணப் போறேனுங்ண்ணா," என்றாள் என்னிடம். "எங்காலு எனக்கே என்ன கனம்னு ஒருக்காத் தெரிஞ்சுக்கோணும். மூணு வருசமா ஓட்டறது நானா, இந்த ஊரான்னே தெரியல. நெதானமா ரோசன பண்ணிப் பாத்தா, அதுதானுங் எனக்கு வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் கழுவின கிளாஸையே திரும்பக் கழுவினேன்.

அதே வாரம் பின் டயர் தேய்ந்து உள்ளே இருக்கிற வெள்ளை நூல் வெளியே தெரிந்தது. இனி ஓட்டினால் வெடிக்கும், மாற்றியே ஆக வேண்டும் என்று அவள் சொன்னதும் ஊர் கலங்கிவிட்டது. புது டயர் தாங்குமா, எவ்வளவு தாங்கும், இதைவிடப் பெரிதாகக் கிடைக்குமா என்று பாப்பாத்தியக்காவும் நாச்சிமுத்துவும் இன்னும் பத்துப் பேரும் என் கடையில் கூடிப் பேசினார்கள். அவளை நம்பி விடக்கூடாது, பந்தயம் பந்தயம் என்று நோஞ்சானாக எதையாவது வாங்கி வந்துவிடுவாள், கூடவே ஓர் ஆள் போகட்டும் என்று முடிவானது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு அவளோடு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடை. பெஞ்சமின் என்பவர் வைத்திருந்தார், பழைய பந்தயக்காரர், தலை நரைத்தும் கெண்டைக்கால் மட்டும் இளசாக இருந்தது. தையல் டயரை வெளிச்சத்தில் வைக்கக்கூடாதாம். உள்ளறையில் விளக்கில்லாமல் ஆணியில் தொங்கவிட்டுப் பதம் பார்த்து எடுப்பாராம். மூன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஒன்று நைலான், விலை மலிவு, பழகுவதற்கு ஓட்டலாம், வளைவில் வழுக்கும். இன்னொன்று அகலமானது, ரப்பர் தடிப்பு, முள் ஏறாது, உள்ளே கறுப்பு ட்யூப், ஒருமுறை அடித்தால் ஒரு மாதம் காற்று அசையாது. மூன்றாவது பருத்தி நூலில் செய்தது, ஒல்லி, கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை.

கோகிலவாணி எதையும் அழுத்திப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் உட்பக்கத்துத் துணியையும் விலக்கி, தையல் மேல் நகத்தை வைத்து ஓட்டி, ஓர் இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணினாள். பதினேழு வருடம் ஓவர்லாக் அடித்தவள் வேறு எப்படிப் பார்ப்பாள்? கடைசியில் ஒல்லி டயரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அதப் பத்தி ஒண்ணு சொல்லீர்றேன்," என்றார் பெஞ்சமின். "ஓட்டறதுக்கு அது மாதிரி கெடையாதுங்க. ஆனா உள்ள இருக்கறது லேடெக்ஸ் ட்யூப். காத்து நிக்காது. இன்னிக்கு அடிச்சா நாளைக்குக் காலைல தொவண்டு போயிருக்கும். தெனமும் அடிக்கோணும்."

"தெனமும் எறங்கீருமா?"

"எறங்கீருமுங்க."

"உள்ள ஒண்ணுமே தங்காதா?"

"தங்காதுங்கம்மா."

"அதுதானுங் வேணும்," என்றாள். மூன்று வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அவள் பில் போடப் போன சமயம் பார்த்து, பெஞ்சமினைத் தனியே கூப்பிட்டு, ஊர்ப் பணத்தில் அந்தத் தடி டயரை வாங்கிவிட்டேன். தெரிந்தேதான் வாங்கினேன். ஏதாவது கேட்டால் ஊர் அன்பளிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காற்று நிற்பதை நானே பார்க்க வேண்டுமென்று சொல்லி, அடித்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள், பஸ்ஸில் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அங்கேதான் எங்களுக்கே உரிய தப்பைச் செய்தோம். பஸ் கண்டக்டர் டிக்கெட் கொடுத்த கையோடு, "நல்ல டயருங்களா?" என்று என் தோளில் கிடந்ததை ஓர் அழுத்து அழுத்தினார். பின்சீட்டுக்காரர் அழுத்தினார். நிறுத்தத்தில் இறங்கினதும் பூக்காரம்மா அழுத்தினாள், ஆட்டோ ஸ்டாண்டில் ஆறு பேர் அழுத்தினார்கள். புது டயர் வந்த சேதி பரவி, நன்றாக இருக்கிறதா, தாங்குமா, காசுக்கு ஏற்ற சாமானா என்று ஊரே வந்து அழுத்திப் பார்த்தது. பாப்பாத்தியக்கா தரம் பார்ப்பதே தொழில் என்பதால் நாலு இடத்தில் அழுத்தினாள். தோளிலிருந்து இறக்கும்போது எனக்கு வலித்தது, நானும் எதற்கும் பார்க்கலாமென்று ஒருமுறை அழுத்தினேன். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் அவளைக் கூப்பிட்டு, டயருக்கு மல்லிகைச் சரம் சுற்றி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு வந்து அன்பளிப்பாகக் கொடுத்தோம். அவள் டயருக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். டயர் அசையவில்லை. இன்னும் ரிம்மே பார்க்காத, ஓர் அடி தூரம் ஓடாத டயர். அவள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்," என்றாள்.

அவள் கண் கலங்கியதை நாங்கள் நன்றி என்று எடுத்துக்கொண்டு கைதட்டினோம்.

ஒல்லி டயர் அவள் வீட்டில் கட்டிலுக்கு அடியில் பதமாகிக்கொண்டிருந்தது. புதுத் தையல் டயர் சின்னதாக இறுக்கிக்கொண்டிருக்கும், உடனே ரிம்மில் ஏறாது; பழைய ரிம்மில் மூன்று நாள் மாட்டி வைத்து இழுபட விட வேண்டும், பிறகு ரிம்முக்கு ஒரு பூச்சு, டயருக்கு ஒரு பூச்சு பசை தடவி, காய விட்டு, இன்னொரு பூச்சு பூசி ஒட்ட வேண்டும். டாக்டர் சைக்கிளோடு சேர்த்துக் கொடுத்திருந்த உபரிச் சக்கரத்தில் அதையெல்லாம் அவள் ஒன்றொன்றாகச் செய்து முடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வந்து, மரத்தடியில் நின்ற சைக்கிளிலிருந்து பழைய சக்கரத்தைக் கழற்றப் பார்த்தாள். கனத்தில் அது வரவே இல்லை. அப்போது நடுவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். சாலையை அளந்து, ஊர் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போட வந்தவர். நல்ல மனுஷர், சைக்கிள்காரர் வேறு. போகும்போது பழக்க தோஷத்தில் அவரும் அந்தப் பின் டயரை ஓர் அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

கோகிலவாணி என்னிடம் வந்தாள். "காத்தப் புடுங்கி உட்டாலும் உள்ள இருக்கற அசதி போகாதுங்ண்ணா. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தையலப் பிரிக்கறேன். ரெண்டு டயருமே. எல்லார்த்தையும் ஊட்ல படுத்திருக்கச் சொல்லீருங். பஸ்காரங்களுக்குக் கட்டாயம் சொல்லோணும்."

நான் சொன்னேன். தெருத் தெருவாகப் போய்ச் சொன்னேன். மூன்று வருடமாக அசதி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோன ஜனம், சரி சரி என்று தலையாட்டியது. கிருபாகரன், "நாளைக்கு ஷிப்மெண்ட் இருக்குது மாஸ்டர், ஆறரை மணிக்கே எல்லாரும் வரணும்" என்றார். பஸ் டிரைவர்கள் மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, ஞாயிறு காலை வண்டியை எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு அவள் மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் கடைக் கரண்டிக் காம்பால் பழைய டயரை ரிம்மிலிருந்து ஒரு சாண் அளவுக்கு நெம்பினாள். துணியை உரித்து, கம்பெனியில் நூல் வெட்டுகிற ட்ரிம்மரால் ஒரே ஒரு தையலை வெட்டி, நுனியைப் பிடித்து இழுத்தாள். டைலர்களுக்குத் தெரியும், சரியான நுனி கிடைத்தால் மொத்தத் தையலும் சர்ரென்று வந்துவிடும். வெடிக்கவில்லை, சத்தம் ஒன்றுமில்லை. சாயங்காலம் மாடுகள் யாரும் ஓட்டாமலே அவையவை கட்டுத்தறிக்குப் போய்ச் சேர்வதுபோல ஒவ்வொருவர் அசதியும் அவரவர் வீட்டைத் தேடிப் போயிற்று. எனக்கு முதலில் முழங்காலில் வந்தது. எதிரே கம்பெனி கேட்டில் கிருபாகரன் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, வாட்ச்மேன் கட்டிலில் செருப்போடு படுப்பதைப் பார்த்தேன். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள் சொன்னது.

ஊர் முழுக்க விழுந்த இடத்தில் தூங்கிவிட்டது. கடை வாசலிலேயே கிடந்த அன்பளிப்பு டயரையும் அதேபோலப் பிரித்து, ஒல்லி டயர் ஒட்டின சக்கரத்தை மாட்டி, பின் டயருக்குக் காற்றடித்து முடித்ததும், அவளுக்கு எங்கிருந்தோ பால் தீய்கிற வாசனை வந்ததாம். என் அடுப்புத்தான். அதை அணைத்தாள். அடுத்த வீட்டில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது, அதையும் அணைத்தாள். பிறகு மூன்று தெருவும் புகுந்து அடுப்பை அணைத்து, திறந்து கிடந்த குழாயை மூடி, தறிக்குடோன்களில் மோட்டாரை நிறுத்தி, வாசலில் விழுந்து கிடந்த பாப்பாத்தியக்காவுக்கு ஒரு தலையணை வைத்து, தறியடியில் குறட்டை விட்ட புருசனைக் காற்று வருகிற பக்கம் இழுத்துப் போட்டு, அவள் சாலைக்கு வந்தபோது மணி எட்டரை. ஊரே தூங்கின நாளிலும் அவளுக்கு எட்டரை வரைக்கும் வேலை இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சுண்ணாம்புக் கோட்டருகே நாற்காலியில் நடுவர் தூங்கிக்கொண்டிருந்தார், கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது. அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்தாள். பொத்தானைத் தானே அழுத்திவிட்டு ஏறினாள்.

எனக்கு விழிப்பு வந்தபோது சாயங்காலம் நாலு மணி. உடம்பில் ஓர் இடம் பாக்கியில்லாமல் வலித்தது, எனக்கு அது பழைய சொந்தக்காரனைப் பார்த்தமாதிரி இருந்தது. கோகிலவாணி எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது, டயர் ஒல்லியாக, புதுசாக. பக்கத்தில் வாட்ச் கிடந்தது.

"ஓட்டிட்டீங்களா அம்மிணி?"

"ஓட்டிட்டேனுங்ண்ணா."

"எவ்வளவு?"

"நாப்பத்திரண்டே கால்."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு வேண்டும். அதற்கும் மேலே, யாரும் பார்க்காமல் தானே எடுத்த நேரத்தை எந்த நடுவரும் ஏற்கப்போவதில்லை.

"ஊரு மொத்தத்து அசதியும் எறங்கி, நாப்பத்து மூணே முக்கால்ல கொறஞ்சது ஒண்ணர நிமிசந்தானுங்ண்ணா," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நான் பாதிக்கு மேல உங்களுதுன்னே நெனச்சுட்டிருந்தேன். மிச்ச அசதியெல்லாம் என்னுது."

முந்நூறு முகம் பார்க்கிறவன் என்று பெருமையாகச் சொன்னேனே, மூன்று வருடம் அந்த ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. டீ கிளாஸைத்தான் பார்த்திருக்கிறேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கக்கூட எனக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்.

"நீங்க அதை ஒருக்காக் கூட அழுத்துனதில்லீங்களா?"

"என்ற சைக்கிளுங்ண்ணா அது," என்றாள். "எனக்கு அழுத்தோணும்னே தோணல."

"இப்ப அழுத்துங்."

"ராத்திரிக்குள்ள எறங்கீருமுங் அது. ஒண்ணுந் தங்காது."

"ஒரு ராத்திரி தாங்கினாப் போதுமுங் அம்மிணி."

அவள் பெஞ்சில் டயர் பக்கமாக நகர்ந்தாள். பிறகு எட்டி, வலது கட்டைவிரலை அந்த ஒல்லி டயரில் வைத்து அழுத்தினாள். எடுக்கவே இல்லை. அப்படியே பெஞ்சில் சரிந்து, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து, என் கண் முன்னாலேயே தூங்கிப்போனாள்.

ஒவ்வொருவராக எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெஞ்சில் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பாப்பாத்தியக்கா காலைத் தாங்கித் தாங்கி வந்து, காலையில் தன் தலைக்கு வைத்திருந்த தலையணையை அவள் தலைக்கு வைத்தாள். நாச்சிமுத்து அவள் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். வெளியூர் லாரிக்காரர் ஒருவர் வழக்கம்போல இறங்கிக் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்தார். பத்துப் பேர் குறுக்கே நின்றார்கள். கிருபாகரன் கேட்டிலிருந்து எழுந்து வந்து, பாதி நாள் போச்சு, கம்பெனிச் சங்கை ஊதி ஆளைக் கூப்பிடப்போகிறேன் என்றார்.

"ஊதாதீங்," என்றாள் பாப்பாத்தியக்கா. "இன்னிக்கு முடியாதுங். எங்களுக்கு அசதியா இருக்குது."

மூன்று வருடத்துக்கு அப்புறம் எங்கள் ஊரில் ஒருவர் அந்த வார்த்தையைச் சொன்னார். கிருபாகரனும் நின்று நின்று கால் கடுத்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்று சங்கு ஊதவில்லை.

மறுநாள் காலை நான் கடை திறந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. நாச்சிமுத்து வீட்டுக்குப் போய்ச் சோறாக்கிக்கொண்டிருந்தான். பெஞ்சமின் சொன்னது சரிதான், டயர் துவண்டு கிடந்தது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுடைய அசதி அவளிடமே திரும்பிவிடும். நான் பம்பை எடுத்து, முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து, போதும் என்று தோன்றுகிற வரைக்கும் காற்றடித்தேன். விரலால் அழுத்திப் பார்க்கவில்லை.